எட்டாம் நம்பர் ஊசி

மெல்பர்னில் இருக்கும் என் தங்கைக்கு ஜூலையில் குழந்தை பிறக்கும் என்ற செய்தி வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “நம்ம வீட்ல ஊசி எங்க இருக்கு?”

எந்த ஊசி என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. அந்தத் தங்கை பிறந்த சமயத்தில்தான் அம்மா கடைசியாகப் பின்னினார். ஈப்போவில் பள்ளிக்கூடத்து மனையியல் வகுப்பில் கற்றுக்கொண்டது. அந்த ஊசிகள் இரண்டு வீடு மாறியதில் எங்கோ போய்விட்டன.

அப்பா தவறி ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதன்பிறகு அம்மா தானாக எதையும் கேட்டதில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார். தொலைக்காட்சியைப் போட்டால் பார்ப்பார். அப்படிப்பட்டவர் வாய்திறந்து ஒன்றைக் கேட்டதும், விட்டால் மனம் மாறிவிடுவாரோ என்ற பயத்தில் அன்று இரவே இணையத்தில் வாங்கிவிட்டேன். அம்மா சொன்னது தெளிவாகத்தான் இருந்தது: “எட்டாம் நம்பர் ஊசி. டபுள் நிட்டிங் நூல்.” நானும் அதையே வாங்கினேன். பளபளவென்று நீளமான உலோக ஊசி, எட்டாம் நம்பர். கடல் நீலத்தில் ஆறு கண்டு நூல். படத்தில் அழகாக இருந்தது.

ஒரு வாரம் பின்னினார். பிறகு எல்லாம் பிஸ்கட் டின்னுக்குள் போய்விட்டது. கேட்டதற்கு, “கை போயிடுச்சும்மா. விடு, கடையில வாங்கிக்கலாம்” என்றார். வயது 68. கட்டைவிரல் மூட்டில் வலி உண்டு. நானும் நம்பிவிட்டேன்.

டின்னைத் திறந்து பார்த்த அன்றுதான் மனம் கேட்கவில்லை. உள்ளே ஒரு சின்னச் சதுரம் இருந்தது. பிரித்துப் பிரித்துப் பின்னியதில் நூல் நைந்திருந்தது. எதையும் தொடங்கும் முன் நாலு அங்குலச் சதுரம் பின்னி, கண்ணிகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். “எனக்கு எப்பவும் இருபத்திரண்டு கண்ணி வரும். இப்ப பதினெட்டுதான் வருது. பிடியே இல்ல” என்றார் அம்மா.

சதுரத்தையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் இருக்கும் ஒரு நூல் கடைக்கு இருவரும் போனோம். கடைக்கார ஆன்ட்டி சதுரத்தைப் பார்க்கவே இல்லை. ஊசியை வாங்கினார், வரிசையாக ஓட்டைகள் போட்ட ஒரு சின்னத் தகட்டில் நுழைத்துப் பார்த்தார். “ஃபைவ் எம்எம்” என்றார்.

விஷயம் இதுதான். அம்மா படித்த காலத்தில் மலாயாவில் புழங்கியது பழைய இங்கிலாந்து நம்பர். கம்பியின் தடிமனை அளக்கும் கணக்கிலிருந்து வந்தது அது; நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். அதில் எட்டு என்றால் 4 மில்லிமீட்டர். அமெரிக்க நம்பர் நேர்மாறானது, நம்பர் கூடினால் ஊசியும் தடிக்கும். அதில் எட்டு என்றால் 5 மில்லிமீட்டர். நான் வாங்கியது அமெரிக்க எட்டு. அதே நூலை அந்த ஊசியில் யார் பின்னினாலும் பதினெட்டுக் கண்ணிதான் வரும். 10 அங்குலம் வரவேண்டிய முதுகுப் பகுதி 12 அங்குலத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தகட்டைக் கையில் வாங்கி, 4 என்று போட்ட ஓட்டைக்குள் சுண்டுவிரல் நகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கை நன்றாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு வாரமாக அது போய்விட்டது என்று அவரை நம்பவைத்தது என் அவசரம்.

உங்கள் வீட்டிலும் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஊசியைத் தொடப்போகிறவர் இருந்தால் நம்பரை மறந்துவிடுங்கள். மில்லிமீட்டரைக் கேளுங்கள். இப்போது பெரும்பாலான ஊசிகளில் அது பொறித்திருக்கிறது. அந்த ஓட்டைத் தகடும் ஒன்று வாங்கிவிடுங்கள். பழைய ஊசிகள் கிடைத்தால் அளந்து பார்க்க உதவும், விலையும் அதிகமில்லை.

இரண்டாம் முறை வாங்கியது மூங்கில் ஊசி. உலோகத்தில் கண்ணி வழுக்கி ஓடும். பழகிய கைக்கு அது வேகம், விட்டுப்போன கைக்கு அது தலைவலி. ஒரு கண்ணி நழுவினால் பத்து வரிசை கீழே போய்விடும். மூங்கில் லேசானது, நூலைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வேர்த்தால் அதுவும் சற்று ஒட்டத்தான் செய்யும். அம்மா மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொள்கிறார்.

அதிலும் நீள ஊசி வேண்டாம், நடுவில் வயர் வைத்த வட்ட ஊசி எடுங்கள் என்றார் ஆன்ட்டி. 60 சென்டிமீட்டர் நீளம். “இது என்ன, பிரஷர் பாக்கிற மெஷின் மாதிரி” என்று அம்மா முகம் சுளித்தார். வட்டமாகத்தான் பின்ன வேண்டும் என்றில்லை. சாதாரணமாகத் திருப்பித் திருப்பிப் பின்னலாம். பின்னிய துணியின் எடை முழுதும் வயரில் இறங்கி மடியில் கிடக்கும், மணிக்கட்டு சுமக்க வேண்டியதில்லை. மூட்டுவலி உள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. எம்ஆர்டியில் பின்னினால் பக்கத்துச் சீட்டுக்காரர் விலாவில் குத்தாது என்பது கூடுதல் லாபம். முனைகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் பெரிய செட் எல்லாம் இப்போது எதற்கு? ஒரே ஒரு ஊசி போதும்.

நூலில் என் முதல் தவறு நிறம். இரவில், டியூப்லைட் வெளிச்சத்தில், கடல் நீலத்தில் கண்ணி எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. இந்த முறை இளமஞ்சள். வழவழவென்று ஒரே சீரான நூல். மொசுமொசுவென்று ரோமம் நிற்பது வேண்டவே வேண்டாம். தப்பு நேர்ந்தால் பிரித்தெடுக்க முடியாது.

‘வெயில் ஊர்தானே, பருத்தி நூல் வாங்கலாமே’ என்றுதான் நானும் நினைத்தேன். பருத்திக்கு இழுத்தால் நீளும் குணம் குறைவு. விரலுக்கு வேலை கூடும், கோணல்மாணல் அப்படியே தெரியும். அக்ரிலிக் மலிவு, துவைப்பதும் சுலபம், பழகிப் பார்க்க நல்லது. இஸ்திரிப் பெட்டி மட்டும் படக்கூடாது. கம்பளிதான் கைக்கு இதம். துள்ளல் உண்டு, சின்னக் குறைகள் ஒரு முறை அலசியதும் அடங்கிவிடும். ஆனால் சாதாரணக் கம்பளியைச் சலவை இயந்திரத்தில் போட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். கைக்குழந்தை வைத்திருப்பவள் தனியாகக் கையால் துவைப்பாளா? அதனால் ‘சூப்பர்வாஷ்’ என்று போட்ட மெரினோ எடுத்தோம். உறையைத் திருப்பினால் ஆஸ்திரேலியக் கம்பளி. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகிறோம் என்று சிரித்தேன்.

எட்டில் இன்னொரு வம்பும் உண்டு. ஆஸ்திரேலிய உறையில் ‘8 பிளை’ என்று இருந்தது. அது எட்டு இழை என்று அர்த்தமல்ல. நாம் டபுள் நிட்டிங் என்று சொல்லும் அதே தடிமனுக்கு அங்கே அந்தப் பெயர். 50 கிராம் கண்டில் 100 மீட்டருக்குச் சற்று மேல் வரும். நான்கு வாங்கினோம். உறையில் சாயத் தொகுதி எண் இருக்கும். நான்கும் ஒரே எண்ணா என்று பார்த்துத்தான் பணம் கொடுத்தார் அம்மா. அதை ஆன்ட்டியும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. முப்பது ஆண்டுக்கு முந்தைய ஞாபகம்.

அன்று மாலையே சதுரம் பின்னினார். நான் சமையலறையில் இருந்தேன். “இருபத்திரண்டு” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது, என்னிடம் சொன்னாரா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சமையல் கடிகாரம் மணியடிக்கும். ஊசியைக் கீழே வைத்துக் கையை நீட்டி மடக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். ஐந்தில் மூன்று முறை கேட்பார். ஓட்டை ஓட்டையான பூவேலை போடலாம் என்றேன். “பச்சைப்புள்ள விரல் மாட்டிக்கும்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சட்டையும் தொப்பியும் ஜூன் கடைசியில் பார்சலில் போயின. தங்கை படம் அனுப்பியிருந்தாள். தொப்பி புருவம்வரை இறங்கியிருந்தது. பெரிதாகிவிட்டதோ என்றேன். அம்மா கைப்பேசியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“விளிம்புக்கு மூணேகால் மில்லிமீட்டர் ஊசி வேணும். சனிக்கிழமை கடை திறந்திருக்குமா?”