பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடலாமா? நெட் இல்லாமலே லினக்ஸ் ஏற்றும் 'ஆஃப்லைன் இன்ஸ்டாலர்': எப்படித் தயாராகிறது, எங்கே சிக்கல்?

விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 சிப், 4 ஜிபி ராம், ஓரளவு புதிய பிராசஸர் எல்லாம் கேட்கிறது. அப்படியென்றால் பழைய கம்ப்யூட்டர்களின் கதி?

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது வெறும் டெக் செய்தி அல்ல. ஆலங்குடி, கறம்பக்குடி, மணமேல்குடி பக்கம் அரசு கொடுத்த லேப்டாப் பரணில் தூங்கும் வீடுகள் உண்டு. பள்ளி லேப், டைப்பிங் சென்டர், ஜெராக்ஸ் கடை என எல்லா இடத்திலும் இதே கேள்விதான்.

இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஒரு வழி. ஆனால் அதை ஏற்றுவதில்தான் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது.

என்ன முட்டுக்கட்டை?

லினக்ஸை பென்டிரைவில் இருந்து ஏற்றிவிடலாம். அதோடு வேலை முடிவதில்லை. தமிழ் மொழி வசதி, கீபோர்டு, பிரின்டர் டிரைவர், அப்டேட் எனப் பலவும் அதன்பிறகு இணையத்தில் இருந்து இறங்க வேண்டும்.

ஒரு கம்ப்யூட்டருக்கு 2 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். 20 கம்ப்யூட்டர் உள்ள லேபுக்கு 40 ஜிபி. தினம் 2 ஜிபி தரும் மொபைல் டேட்டாவை நம்பினால் 20 நாள் ஆகும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில பழைய லேப்டாப்களில் வைஃபை வேலை செய்யத் தனி டிரைவர் தேவை. அந்த டிரைவரை இறக்க நெட் வேண்டும். நெட் வர அந்த டிரைவர் வேண்டும்!

கஸ்டம் ஆஃப்லைன் இன்ஸ்டாலர் என்றால்?

நெட் நன்றாக இருக்கும் இடத்தில் எல்லாவற்றையும் ஒரே ஒருமுறை இறக்கி, லினக்ஸோடு சேர்த்து ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாகக் கட்டிவிடுவது. கட்டுச்சோறு மாதிரிதான். போகிற ஊரில் கடை இருக்கிறதா என்ற கவலை இல்லை.

எப்படித் தயாராகிறது?

* அடிப்படை: டெபியன், உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். பழைய மெஷின் என்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான டெஸ்க்டாப் நல்லது.
* சேர்க்க வேண்டியவை: தமிழ்99 கீபோர்டு, யூனிகோட் எழுத்துருக்கள், லிப்ரே ஆபிஸ், வீடியோ பிளேயர், வைஃபை மற்றும் பிரின்டர் டிரைவர்கள்.
* கட்டுவது: உபுண்டு வகைக்கு 'கியூபிக்', டெபியனுக்கு 'லைவ்-பில்ட்' என்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன.
* பென்டிரைவில் எழுதுவது: ரூஃபஸ், வென்டாய் போன்ற மென்பொருள்கள் போதும்.
* சோதனை: நெட்டைத் துண்டித்துவிட்டு, இருப்பதிலேயே பழைய மெஷினில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அங்கே ஓடினால்தான் பாஸ்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசா?

இல்லை. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாக வைத்து 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை உருவாக்கியது. 2007-ல் வெளிவந்த அது தமிழையும் ஆதரிக்கிறது. பள்ளிகளுக்கென்றே 'எடுபாஸ்' என்ற பதிப்பும் வந்தது.

2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் ஏற்றியே தரப்பட்டது. அதாவது லட்சக்கணக்கான வீடுகளுக்கு லினக்ஸ் ஏற்கெனவே வந்துவிட்டது. ஆனால் ஆன் செய்ததும் விண்டோஸைத் தேர்வு செய்து போனவர்களே அதிகம். சொல்லித்தர ஆள் இல்லாமல், பாடத்திலும் இடம் இல்லாமல், பாஸ் ஒரு ஓரமாகவே கிடந்தது.

கேரளா என்ன செய்தது?

பக்கத்து மாநிலம் வேறு ரூட்டில் போனது. 'ஐடி அட் ஸ்கூல்' திட்டமும், அதில் இருந்து வளர்ந்த 'கைட்' அமைப்பும் பள்ளிக்குத் தேவையான மென்பொருள்களை உள்ளேயே வைத்து, உபுண்டுவில் தங்களுக்கென ஒரு லினக்ஸைத் தயாரித்தன. 2019-ல் வந்த பதிப்பு 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களுக்கானது. லைசென்ஸ் செலவில் சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்பது கைட்டின் மதிப்பீடு.

கேரளாவின் வெற்றி ஐஎஸ்ஓ ஃபைலில் மட்டும் இல்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பாடப்புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள். புதுப்புது பதிப்பு விட்டார்கள்.

கவனிக்க வேண்டியவை

* டேட்டா அழியும்: தானாகவே ஏற்றிக்கொள்ளும்படி அமைத்த இன்ஸ்டாலர், ஹார்ட் டிஸ்க் முழுவதையும் துடைத்துவிடலாம். போட்டோ, சான்றிதழ் எல்லாவற்றையும் முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.
* 32 பிட்டா, 64 பிட்டா? 2025 ஆகஸ்ட்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் மெஷின்களுக்கான இன்ஸ்டாலர் கிடையாது.
* பழைய எழுத்துரு: யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்த ஃபைல்கள், அந்த எழுத்துரு இல்லாவிட்டால் புரியாத எழுத்துகளாகத் தெரியும். கட்டண எழுத்துரு என்றால் அதை இன்ஸ்டாலரில் சேர்க்க உரிமை தேவை.
* எல்லோருக்கும் பொருந்தாது: டேலி, போட்டோஷாப், விரல்ரேகைக் கருவியை நம்பித் தொழில் நடத்துபவர்கள் விசாரித்துவிட்டே மாற வேண்டும்.
* கட்டுச்சோறும் கெடும்: இன்ஸ்டாலர் கட்டிய நாளோடு அதில் உள்ள பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். ஏற்றிய பிறகு அவ்வப்போது நெட்டில் இணைத்து அப்டேட் செய்தே ஆக வேண்டும். இன்ஸ்டாலரையும் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிதாகக் கட்ட வேண்டும்.

யார் செய்வது?

இதுதான் உண்மையான கேள்வி. கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் ஓரிரு நாளில் ஒரு இன்ஸ்டாலரைக் கட்டிவிடலாம். அடுத்த வருஷமும் அதைப் புதுப்பிக்க, பிரின்டர் ஓடவில்லை என்றால் வந்து பார்க்க, ஒரு அமைப்பு வேண்டும். பாஸுக்கும் கேரளாவின் லினக்ஸுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

புதுக்கோட்டைக்கு இது தெரியாத பாடம் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் இங்கே ஊர் ஊராகப் போனது. பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். அன்றைக்கு வேலை செய்தது புத்தகம் மட்டும் அல்ல, அதை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போன தொண்டர்கள்தான். பென்டிரைவுக்கும் அதே கணக்குதான்.