மாற்றல் உத்தரவு தண்டனை ஆகாது

போலீஸ் அக்கிரமம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கேரளத்தில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "அவரை ஏ.ஆர். கேம்ப்புக்கு மாற்றியாகிவிட்டது." இதையே நடவடிக்கை என்கிறார்கள். அடிபட்டவன் குடும்பமும் ஏதோ நீதி கிடைத்துவிட்டது என்று எண்ணி வீடு திரும்புகிறது. இதற்குச் சட்டத்தில் என்ன பொருள் என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்வது அவசியம். சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவனும், கட்டட வேலையில் சட்டி சுமக்கிறவளும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளும்தானே சந்தேகம் என்றதும் முதலில் ஸ்டேஷனுக்கு அழைக்கப்படுகிறார்கள்?

காக்கி ஒன்றுதான், வேலை இரண்டு. ஸ்டேஷனில் இருக்கும் சிவில் போலீஸ் புகார் வாங்குகிறது, வழக்குப் பதிகிறது, விசாரிக்கிறது, கைது செய்கிறது. ஆயுதப் போலீஸ் முகாமில் இருக்கிறது. கலவரம் அடக்குவது, காவல் நிற்பது, கைதிகளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது அதன் வேலை. நம் நகரில் பேரூர்க்கடையில் எஸ்.ஏ.பி. பட்டாலியனும், நந்தாவனத்தில் ஏ.ஆர். கேம்ப்பும் இருக்கின்றன. மலப்புறத்தில் இருக்கும் எம்.எஸ்.பி., 1921-இல் மலபார்க் கலகத்தின்போது வெள்ளைக்கார அரசு அமைத்த படை. கூட்டத்தைக் கலைக்கப் பழக்கப்பட்டவனுக்கும், அழுதுகொண்டு வந்து நிற்கும் ஒருத்தியின் புகாரைப் பொறுமையாகக் கேட்டு எழுத வேண்டியவனுக்கும் வேண்டிய பயிற்சி ஒன்றல்ல.

ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு ஆளை மாற்ற அரசுக்கு அதிகாரம் உண்டா? உண்டு, ஆனால் கட்டுக்குள்தான். 1861-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டமே ஓர் அரசின் கீழுள்ள போலீஸ் முழுவதையும் ஒரே படையாகக் கருதியது. இடமாற்றம் அரசு வேலையோடு பிறந்தது. விதியை மீறியிருந்தால், அல்லது கெட்ட நோக்கம் இருந்தால் ஒழிய நீதிமன்றம் தலையிடாது என்று 1990-இல் ஷில்பி போஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் தனித்தனியாக ஆள் எடுத்து, தனித்தனி சீனியாரிட்டி வைத்திருக்கும் அணிகளைக் கலப்பது வெறும் இடமாற்றம் அல்ல. அரசியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவின் கீழ் எழுதப்பட்ட விதிகள் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். விதியில் இல்லாததை உத்தரவு நிரப்பலாம். விதியை உத்தரவு மீற முடியாது. இது 1967-இல் சந்த்ராம் சர்மா வழக்கிலேயே முடிவான சங்கதி. கேரளத்தில் மாவட்ட ஆயுதப் பிரிவையும் ஸ்டேஷன் போலீசையும் ஒரே சிவில் போலீஸ் அணியாக இணைத்ததற்கும் இந்த அளவுகோலே பொருந்தும்.

இனி நம்மைத் தொடும் கேள்விக்கு வருவோம். தண்டனைக்குப் பதிலாக மாற்றல் கொடுக்கலாமா? கூடாது. தண்டனைக்குப் பதிலாகப் போடப்படும் மாற்றல் உத்தரவு சட்டவிரோதம், ரத்து செய்யத்தக்கது என்று 2008-இல் சோமேஷ் திவாரி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. குற்றம் செய்தவர் என்றால் குற்றச்சாட்டு எழுதிக் கொடுத்து, விசாரித்து, விதிப்படி தண்டிக்க வேண்டும். செய்யாதவர் என்றால் அவரைக் கேம்ப்புக்கு விரட்டக் கூடாது. இரண்டும் இல்லாமல் மாற்றிவிடுவதால் யாருக்கு லாபம்? கூச்சல் அடங்குகிறது, குற்றச்சாட்டு எங்கும் பதிவாவதில்லை, கொஞ்ச காலம் கழித்து அதே ஆள் வேறொரு ஸ்டேஷனில் உட்காருகிறார். அங்கேயும் ஏழைகள்தான் இருக்கிறார்கள்!

நடந்ததைப் பாருங்கள். திருச்சூர் மாவட்டம் குன்னங்குளம் ஸ்டேஷனில் 2023 ஏப்ரலில் ஓர் இளைஞர் தாக்கப்பட்டார். அப்போது கிடைத்தது மாற்றலும் ஊதிய உயர்வு நிறுத்தமும். தகவல் உரிமைச் சட்டப்படி போராடி வாங்கிய காமிராக் காட்சிகள் 2025 செப்டம்பரில் வெளிவந்து ஊரே கொதித்த பிறகுதான் நான்கு போலீசார் சஸ்பெண்ட் செய்யப்பட்டனர். நம் தலைநகரில், பேரூர்க்கடை ஸ்டேஷனில், 2025 ஏப்ரலில் வீட்டு வேலை செய்யும் ஒரு தலித் பெண் நகைத் திருட்டுப் புகாரில் இரவு முழுதும் வைக்கப்பட்டார். நகை புகார் கொடுத்தவர் வீட்டிலேயே கிடைத்தது. அந்தப் பெண் வாய் திறந்ததால்தான் சஸ்பென்ஷன்கள் வந்தன. ஸ்டேஷன் தலைமை அதிகாரிக்கு முதலில் வந்ததோ மாற்றல்தான். பெண்ணை விசாரிப்பதானால் அவள் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும் என்ற சட்டம் அந்த இரவு எங்கே போயிற்று?

மாற்றலோடு திருப்தியடைந்து சாட்சியையும் ஆதாரத்தையும் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். 2005 செப்டம்பரில் கோட்டை போலீஸ் ஸ்டேஷனில் உதயகுமார் இறந்தார். 2018-இல் சி.பி.ஐ. நீதிமன்றம் இரு போலீசாருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2025 ஆகஸ்டில் கேரள உயர்நீதிமன்றம் விசாரணையின் குறைகளைச் சுட்டிக்காட்டித் தண்டனை பெற்ற போலீசாரை விடுதலை செய்தது. இருபது ஆண்டுகள் கோர்ட்டுப் படி ஏறிய தாய்க்கு மிஞ்சியது என்ன?

மேலே இருப்பவர்களுக்கு மாற்றல் வந்தால் கதை வேறு. 2016-இல் மாநிலப் போலீஸ் தலைவர் பதவியிலிருந்து மாற்றப்பட்ட டி.பி. சென்குமார் டெல்லி வரை வழக்காடி, 2017 ஏப்ரல் 24 அன்று உச்சநீதிமன்றத் தீர்ப்பால் அதே நாற்காலிக்குத் திரும்பினார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றே. டெல்லி போக எல்லோரிடமும் பணம் இருப்பதில்லை. 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் ஸ்டேஷன் தலைமை அதிகாரி வரைக்கும் குறைந்தது இரண்டு ஆண்டு பதவிக்காலம் வேண்டும், புலனாய்வைச் சட்டம் ஒழுங்குப் பணியிலிருந்து பிரிக்க வேண்டும் என்று உத்தரவானது. அரசியல்வாதியின் விருப்பத்துக்கு அதிகாரிகளைப் பந்தாடக் கூடாது என்பதே அதன் சாரம்.

போலீஸ்காரர்கள் எல்லோரும் நமக்குப் பகைவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆயுதப் படையில் வெயிலில் நிற்பவனும் ஏழை வீட்டுப் பிள்ளைதான். குற்றவாளிகளைக் கொண்டு கொட்டும் குப்பைமேடாக அவன் முகாமை ஆக்குவது அவனுக்கும் அவமானம். அவன் ஸ்டேஷனுக்கு வரட்டும். விதிப்படி, சீனியாரிட்டி கெடாமல், தக்க பயிற்சியோடு வரட்டும். தமிழர் வாழும் பகுதி ஸ்டேஷன்களில் தமிழ் புரிந்தவர்களும் இருக்கட்டும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மாற்றல் உத்தரவைத் தண்டனைக் கணக்கில் எழுதாதே. புகார் வந்தால் வழக்குப் பதிவு செய், துறை விசாரணை நடத்து, முடிவைப் புகார் கொடுத்தவருக்கு எழுத்தில் சொல். முகாமிலிருந்து ஸ்டேஷனுக்கு வருகிறவருக்குப் புலனாய்வுப் பயிற்சி கட்டாயமாக்கு.

நம் மக்கள் செய்ய வேண்டியதும் உண்டு. "மாற்றிவிட்டோம்" என்ற வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். 2011-ஆம் ஆண்டின் கேரளப் போலீஸ் சட்டப்படி மாநிலத்திலும் மாவட்டங்களிலும் போலீஸ் புகார் ஆணையங்கள் உண்டு, அங்கே எழுதுங்கள். ஸ்டேஷன் காமிராப் பதிவை அழிக்காமல் காக்கும்படி உடனே மனுக் கொடுங்கள். எல்லா ஸ்டேஷன்களிலும் காமிரா வேண்டும் என்பது 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் இட்ட கட்டளை. மலையாளம் எழுதத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். பதிலும் தமிழிலேயே பெறலாம். வெள்ளையம்பலத்துப் போலீஸ் தலைமையகத்துக்கும் அப்படியே எழுதுவோம். தனியாள் எழுதினால் காகிதம். தெருவே கையெழுத்திட்டால் அது கோரிக்கை.