யானைகளைக் காணும் கருவிகளும் காணாத திணைக்களங்களும்

2025 பெப்ரவரி 20 ஆம் திகதி விடியுமுன், ஹபரணைக்கு அண்மையில் பயணிகள் புகையிரதம் ஒன்று யானைக் கூட்டத்தின் மீது மோதியது. ஆறு யானைகள் மாண்டன. பெட்டிகள் தடம்புரண்டபோதிலும் பயணிகள் தப்பினர். 2018 இலும் இதே பிரதேசத்தில் கர்ப்பிணி யானையொன்றும் இரு குட்டிகளும் புகையிரதம் மோதி மடிந்தன. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கும் எனக்கு, இத்தகைய செய்திகளின் இறுதிப் பந்தி மனப்பாடம்: "நவீன தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது குறித்து ஆராயப்படுகிறது."

ஆராய்வதற்கு அப்படி என்ன எஞ்சியிருக்கிறது?

கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரை வனப்பகுதியின் ஊடாகப் புகையிரதப் பாதை செல்கிறது. 2021 நவம்பரில் அங்கு மூன்று யானைகள் ஒரே இரவில் இறந்தன. 2024 பெப்ரவரியில் தமிழக அரசு சுமார் 7 கோடி இந்திய ரூபா செலவில் பன்னிரண்டு கோபுரங்களை அமைத்து, சாதாரண கமராக்களுடன் உடல் வெப்பத்தை உணரும் கமராக்களையும் பொருத்தியது. பாதையை நெருங்குவது யானைதான் என்பதைச் செயற்கை நுண்ணறிவு இனங்காண்கிறது. உடனே புகையிரதச் சாரதிகளுக்கு எச்சரிக்கை போகிறது. அசாம் பகுதியிலோ, தண்டவாளத்தை ஒட்டிய ஒளியிழை வடங்களே யானையின் காலடி அதிர்வை உணர்ந்து சொல்கின்றன.

இதில் நான் வியப்பது கமராவை அன்று. மதுக்கரையில் காடு மாநில அரசினது. புகையிரதம் மத்திய அரசினது. ஓயாது முரண்படும் அவ்விரு அரசுகளின் கீழுள்ள ஊழியர்களிடையே ஒரு தகவல் சில நொடிகளில் கைமாறுகிறது. கருவிக்குப் பயன் கிடைப்பது அங்கேதான்.

நம் நாட்டிலும் கருவிகளுக்குக் குறைவில்லை. யானைகளுக்குச் செய்மதிக் கழுத்துப்பட்டி பூட்டி ஆய்வாளர்கள் நீண்டகாலமாகவே பின்தொடர்ந்து வருகின்றனர். ஊருக்குள் வரும் ஆண் யானைகளைப் பிடித்துத் தொலைவிலுள்ள காட்டில் விடுவதால் மோதல் குறைவதில்லை என்று 2012 இல் வெளியான ஆய்வு காட்டியது. சில யானைகள் பழைய இடத்துக்கே திரும்பின. சில வழியெங்கும் அலைந்தன. மின்வேலிகள் பலவும் வனசீவராசிகள் திணைக்களத்தின் நிலத்துக்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிலத்துக்கும் இடையிலான எல்லையிலே நிற்கின்றன. வேலியின் இரு புறமும் காடு. இரு புறமும் யானை! அது தடுப்பது யாரை? வேலியைக் கிராமங்களையும் வயல்களையும் சுற்றி அமைக்குமாறு, கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 இலேயே பரிந்துரைத்தது.

2023 இல் மாத்திரம் நானூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட யானைகளும் நூற்று ஐம்பதுக்கும் மேற்பட்ட மனிதர்களும் இந்நாட்டில் உயிரிழந்தனர். மாண்ட மனிதர்களுள் பலர் காவற்குடிசையில் கண்விழிக்கும் ஏழை விவசாயிகளே.

ஆகவே, கமராக்களை வாங்குங்கள், ஆட்சேபம் இல்லை. ஆனால் வாங்குமுன் மக்களுக்கு ஒன்றைக் கூறுங்கள். நள்ளிரவில் யானை தண்டவாளத்தில் நிற்பதைக் கமரா காட்டும்போது, புகையிரதத்தை நிறுத்துமாறு கட்டளையிடும் அதிகாரம் யாருக்கு? அந்த அதிகாரியின் பதவியும் பொறுப்பும் எழுத்தில் வரட்டும். அதற்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.