பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்



கலிபோர்னியாவில் வாழும் நம் தமிழ்ச் சபைகளில், பள்ளியாண்டு முடியும் நாள்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனையின் முடிவில் பிள்ளைகளின் பெயர்களையும் அவர்கள் சேரவிருக்கும் பல்கலைக்கழகங்களையும் வாசிக்கிறோம். பெர்க்லி, ஸ்டான்ஃபோர்ட் என்னும் பெயர்கள் வரும்போது கைதட்டல் உரத்து எழுகிறது. அவ்வேளையில் பின்வரிசையில் ஒரு தாய் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். மகன் சமுதாயக் கல்லூரிக்குப் போகிறான் என்பதால் அவன் பெயரை அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தத் தலைகுனிவுக்கு நாம் அனைவருமே பொறுப்பாளிகள் என்று நான் கருதுகிறேன்.

அந்த வாசலை இம்மாநிலம் எண்ணித் துணிந்தே கட்டியது. 1960ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட உயர்கல்விப் பெருந்திட்டம், சமுதாயக் கல்லூரியில் முதலிரண்டு ஆண்டுகள் கற்றவர் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்வதற்கு வழி வைத்தது. இன்று பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் மாற்றுச் சேர்க்கை பெறுவோருள் மிகப் பெரும்பாலோர் இம்மாநிலத்துச் சமுதாயக் கல்லூரிகளிலிருந்து வருகிறவர்களே. மாநிலத்தில் குடியிருப்போருக்குக் கட்டணம் ஓர் அலகுக்கு 46 டாலர். மாறுவதற்கு வேண்டிய 60 அலகுகளுக்கும் சேர்த்து 2,760 டாலர். 1990 முதல் மாற்றுச் சேர்க்கையை நிறுத்தி வைத்திருந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும், சமுதாயக் கல்லூரி மாணவரையும் வருமானம் குறைந்த குடும்பத்தாரையும் முன்னாள் படைவீரரையும் மனத்திற்கொண்டு 2018இல் அதை மீண்டும் திறந்தது.

எனினும் இவ்வழி எளிதென்று சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. அமெரிக்கா முழுவதிலும் சமுதாயக் கல்லூரியில் நுழைவோருள் மிகுதியானோர் இளங்கலைப் பட்டத்தையே நாடுகின்றனர். ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார். ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறுபவர் ஏறத்தாழ ஆறில் ஒருவர். பலரும் அறிவுக் குறைவினால் தங்கிவிடவில்லை. கணக்கில் சேராத பாடங்களை எடுத்துவிடுகிறார்கள். வேலை நேரம் படிப்பை விழுங்கிவிடுகிறது. வழி சொல்ல ஒருவரும் இல்லை.

ஆகவே பெற்றோரே, வெட்கப்படுவதில் செலவிடும் நேரத்தை விசாரிப்பதில் செலவிடுங்கள். முதல் பருவத்திலேயே மகன் மாற்று ஆலோசகரைப் பார்த்தானா? எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கப்படும் என்பதை ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் சரிபார்த்தானா? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள், உரிய நிபந்தனைகளை நிறைவேற்றுவோருக்கு இடத்தை உறுதிசெய்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ ஆகியவை அவ்வாறு செய்வதில்லை என்பதை மகள் அறிவாளா? மாறிய முதல் பருவத்தில் மதிப்பெண் சற்றுச் சரிவது பலருக்கும் நேர்வதே. அந்நாளில், “உனக்கு ஏன் இந்த ஆசை?” என்று கேட்டுவிடாதீர்கள்.

திராட்சத்தோட்டத்து எஜமானின் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அதிகாலையில் வந்தவனும் பதினோராம் மணி வேளையில் வந்தவனும் ஒரே கூலியைப் பெற்றார்கள். முணுமுணுத்தவர்கள் முந்தி வந்தவர்களே. மாற்றுச் சேர்க்கையில் வந்த பிள்ளையும் அதே வகுப்பில் அமர்ந்து, அதே தேர்வை எழுதி, அதே பட்டத்தைப் பெறுகிறது. எந்த மணி வேளையில் வந்தது என்று பட்டச் சான்றிதழ் கேட்பதில்லை. நாம்தான் கேட்கிறோம்.

இவ்வாண்டு நம் பட்டியலில் எல்லாப் பிள்ளைகளின் பெயர்களும் இடம்பெறட்டும். சமுதாயக் கல்லூரியின் பெயரும் அதே குரலில் வாசிக்கப்படட்டும். அவ்வழியே சென்று பட்டம் பெற்ற வாலிபர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் ஆராதனைக்குப்பின் அரைமணி நேரம் தங்கி, இளையோருடன் அமர்ந்து, தாங்கள் தடுக்கி விழுந்த இடங்களைச் சொல்லிக் கொடுக்கட்டும். கைதட்டலைவிட அந்த அரைமணி நேரம் ஒரு பிள்ளையை வெகுதூரம் கொண்டுசெல்லும்.

அந்தத் தாய் அடுத்த வாரமும் பின்வரிசையில்தான் அமர்ந்திருப்பார். அவரருகே சென்று, மகன் எந்தக் கல்லூரியில் படிக்கிறான் என்று அன்போடு கேளுங்கள்.

கர்த்தர் நம் பிள்ளைகளின் போக்கையும் வரத்தையும் காப்பாராக.