சாக்பீஸ் எங்கிருந்து வருது?

நண்பர்களே, சாக்பீஸை 'சுண்ணாம்புக்கட்டி'ன்னு சொல்றோம். ஆனா நம்ம கடைகளில் விற்பது பெரும்பாலும் ஜிப்சம்தான். (எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க, சுண்ணாம்புக்கல்லா இருந்தா நுரைக்கும்!)

தூத்துக்குடி உப்பளங்களில் கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்னாடியே ஜிப்சம் படிந்துவிடும். பெரம்பலூர் மாவட்டம் காரையிலும் இது கிடைக்கிறது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல்! இன்று அந்தக் களிமண் வெடிப்புகளில் வெள்ளை நார் மாதிரி ஜிப்சம் ஓடுது. நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட் கற்படிவங்களும் உண்டு.

என் கருத்து இதுதான். சுற்றுலா என்றால் வருஷா வருஷம் தீம் பார்க்தானா? ஒரு தடவை காரைக்குக் கூட்டிப் போங்க சார்! ஆனா ஆளுக்கொரு துண்டு பையில் போட்டுக்கிட்டு வந்தோம்னா, அடுத்த வருஷம் வர்றவங்களுக்கு வெறும் மண்ணுதான் மிஞ்சும்.