ஆடி மாதத்துக்கு என்ன வழி?

"அழகுக்கலைப் பயிற்சி முடிந்த கையோடு மணப்பெண் மேக்கப்பை மட்டும் பிடித்துக்கொள், புருவம் திருத்தி நேரத்தை வீணாக்காதே" என்று இளம்பெண்களுக்குச் சொல்கிறார்கள். ஆபத்தான யோசனை. தமிழ்நாட்டில் ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலும் முகூர்த்தம் இல்லை. அப்போது கடை வாடகையைக் கொடுப்பது த்ரெடிங்கும் ஃபேஷியலும் ஹேர் டையும்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் தோல். ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு கிரீமை மாதக்கணக்கில் பூசி மெலிந்துபோன கன்னத்தை, தினமும் பல முகங்களைத் தொட்ட விரல்தான் அடையாளம் காணும். டை அடிப்பதற்கு 48 மணி நேரம் முன்பே ஒவ்வாமைச் சோதனை செய்யும் பொறுமையும் அந்த அன்றாட வேலையில்தான் பழகும்.

சிறப்புத்துறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே வேலைக்காக உங்கள் பெயரைக் கேட்டு வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கட்டும்; அன்றைக்கு மற்றதை விடுங்கள். இருபது வயதுப் பெண்ணை, அம்மாவின் நகையை அடகு வைத்து ஏர்பிரஷ் மேக்கப் கருவி வாங்கவைக்கும் அறிவுரையை ஏற்கவே முடியாது.