அறிவிப்பு வந்தது, லயத்துக்கு வந்ததா?



சென்ற வாரம் சங்க வேலையாகத் திகாம் பத்துக்குப் போயிருந்தபோது, காப்பிக்கடையில் கோறனிக் காலத்துப் பேச்சு கிளம்பிற்று. "அப்பவே ஒய்.பி. எல்லாத்தையும் சொல்லிட்டாருண்ணே, நம்ம சனங்கதான் காதுல வாங்கல" என்றார் ஒரு தம்பி. பக்கத்து மேசையில் இருந்த பழைய பால்வெட்டுக்காரர் ஒருவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்கப்பா சொன்னாரு? ஒங் கைப்போனுல சொன்னாரு. எங்க லயத்துல வந்து சொன்னாரா?" தம்பியிடம் பதில் இல்லை. அந்த நேரத்தில் நம்மிடமும் இல்லை.

நடந்ததை நினைவுபடுத்திக் கொள்வோம். 2020 மார்ச் 16-ஆம் நாள் இரவு பிரதமர் முகிதின் யாசின் தொலைக்காட்சியில் தோன்றினார். 18-ஆம் நாள் முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. செம்பனைத் தோட்டங்கள் நிபந்தனையோடு நடக்கலாம் என்றார்கள். பள்ளிக்கூடமும் கோயிலும் மூடப்பட்டன. குடும்பத்துக்கு ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே போகலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள். திகாம் பத்துக்காரர்களுக்கு இதிலே தனித் தொல்லை ஒன்றும் இருந்தது. சூங்கை மூடா ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பினாங்கு மாநிலம். பும்போங் லீமாவும் கெப்பாலா பத்தாசும் நமக்குப் பக்கத்து ஊர்கள். ஆனால் சட்டத்துக்கு அது மாநில எல்லை. அக்கரையிலே வேலை செய்தவர்கள் முதலாளியின் கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு தடுப்புச்சாவடியில் நின்றார்கள். கடிதம் தராத குத்தகைக்காரனிடம் வேலை செய்தவர்களுக்குப் பாலமே முடிவு.

அந்த நாட்களில் மக்கள் பிரதிநிதிகள் பலர் கைப்பேசித் திரையில் தினமும் பேசினார்கள். எது திறந்திருக்கும், எந்த உதவிக்கு எப்படி மனுச் செய்வது, கடைசி நாள் எது என்று விளக்கினார்கள். அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்தவர்களும் உண்டு. அதையெல்லாம் இல்லையென்று சொன்னால் நம் வாய் அழுகிப் போகும். ஆனால், சொல்லிவிட்டதோடு கடமை முடிந்தது என்று அவர்கள் நினைத்த இடத்தில்தான் நம்மவர்கள் விடுபட்டுப் போனார்கள்.

2020 மார்ச் 27-இல் அறிவித்த பிரிஹாத்தின் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாத வருமானம் 4,000 வெள்ளிக்கு உட்பட்ட குடும்பத்துக்கு 1,600 வெள்ளி, ஏப்ரலிலும் மே மாதத்திலும் இரண்டு தவணையாக. அரசாங்கப் பதிவேட்டில் ஏற்கனவே பெயர் இருந்தவர்களுக்குப் பணம் தானாக வந்தது. பெயர் இல்லாதவர்கள் ஏப்ரல் 30-க்குள் வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் புதிதாக மனுச் செய்ய வேண்டும். சாலை அடைப்பு, கணினிக் கடை மூடல், பேசுகிற பிள்ளை வெளியூரில். நமக்குத் தெரிந்த ஓர் அக்கா, ஆயக்கொட்டகையில் பிள்ளை பார்த்தவர், கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியும் பதிவில் அவர் பெயரை மாற்றாமலே இருந்துவிட்டார். "பணம் வரும், வரும்னு வங்கிப் பொஸ்தகத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி" என்றார். கடைசி நாள் என்று ஒன்று இருந்ததே அவருக்கு மே மாதத்தில்தான் தெரிந்தது.

சம்பள மானியம் இன்னொரு கதை. தொழிலாளி ஒருவருக்கு மாதம் 600 வெள்ளி முதல் 1,200 வெள்ளி வரை முதலாளி வழியாகக் கொடுத்தார்கள். அதற்குப் பெர்கேசோவில் பதிவு இருக்க வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டபின் குத்தகைக்காரனிடம் நாள் கூலிக்குப் பழம் வெட்டும், புல் மருந்து அடிக்கும் நம்மவர்களில் எத்தனை பேருக்குப் பெர்கேசோ எண் இருந்தது? சம்பளச் சீட்டே இல்லாதவனுக்கு மானியம் எந்த வாசல் வழியாக வரும்?

இன்னொன்றும் உண்டு. ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கலாம் என்று அறிவித்ததை நம்மில் பலர் அரசாங்கம் கொடுத்த உதவி என்றே இன்னும் பேசுகிறோம். ஐ-லெஸ்தாரியில் மாதம் 500 வெள்ளி வரை, பிறகு ஐ-சினார், ஐ-சித்ரா, 2022-இல் 10,000 வெள்ளி. நாலிலும் சேர்த்து நாட்டில் ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி வெளியே போனது. அது நம் சொந்தப் பணமய்யா! கிழட்டு வயதில் கஞ்சிக்கு வைத்திருந்ததைக் கொரோனாவில் தின்றோம். வேறு வழி இருந்ததா என்று கேட்டால் இல்லைதான்.

இதற்கு நடுவே 2020 மே மாதத்தில் கெடாவிலே ஆட்சியே மாறிற்று. இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சியை விட்டுப் போக, முக்ரிஸ் மகாதீர் இறங்கி முகமட் சனுசி மந்திரி புசார் ஆனார். லயத்தில் அரிசியை எண்ணிக்கொண்டிருந்த வேளையில் அலோர் ஸ்டாரில் தலைகளை எண்ணினார்கள். 2021 ஜனவரியில், கட்டுப்பாடு இருப்பதால் தைப்பூசத்துக்குச் சிறப்பு விடுமுறை கிடையாது என்ற செய்தி வந்ததே, அது மட்டும் ஒரே நாளில் எல்லாத் தோட்டத்துக்கும் போய்ச் சேர்ந்தது! அவ்வாண்டு நடுவில் பசித்தவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டியபோது, கெடாவில் கொடி வேண்டாம், நடவடிக்கை அறைக்குத் தொலைபேசியில் அழையுங்கள் என்றார் மந்திரி புசார். கைப்பேசியில் காசு தீர்ந்தவன் எதை அழைப்பான்? கொடிக்கு ஒரு கிழிந்த வேட்டி போதும்.

தமிழ்நாட்டிலே 2020-இலும் 2021-இலும் நிவாரணப் பணத்தை ரேஷன் கடை வழியாகக் கொடுத்தார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று எழுதிய டோக்கனை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அங்கேயும் குறை இருந்திருக்கும். ஆனால் கிழவியின் கையில் ஒரு காகிதம் இருந்ததல்லவா?

இவை பழங்கதை என்று தள்ள முடியாது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிறைந்த மலேசியர் அனைவருக்கும் மைகார்டில் 100 வெள்ளி வைத்தார்கள். டிசம்பர் 31-க்குள் குறிப்பிட்ட கடைகளில் சாமானாக வாங்கிவிட வேண்டியிருந்தது. அட்டை நம் கையில், பணமும் அட்டையில். அப்படியிருந்தும் அக்டோபர் மாதத்தில் ஒரு தோட்டத்தில் நாம் விசாரித்தபோது, மூன்று பாட்டிமார் "அது அரசாங்க உத்தியோகக்காரங்களுக்கு மட்டுந்தானே?" என்று கேட்டார்கள்.

சங்கமும் இதிலிருந்து தப்ப முடியாது. கொரோனாக் காலத்தில் நாமும் சுற்றறிக்கையை வாட்சாப்பில் தட்டிவிட்டுத் தலைவர்களுக்குப் போய்விட்டது என்று திருப்திப்பட்டோம்.

ஆகவே நம் வட்டாரத்து ஒய்.பி.க்களை, எந்தக் கட்சியானாலும் சரி, நாம் கேட்பது பெரிய காரியமல்ல. எந்த உதவி அறிவிப்பானாலும் கடைசி நாளைப் பெரிய எழுத்தில் போட்டுத் தமிழிலும் மலாயிலும் ஒரு தாள் அச்சடித்துப் பெரட்டுக் களத்திலும், கோயில் வாசலிலும், தமிழ்ப்பள்ளிக் கதவிலும் ஒட்டச் சொல்லுங்கள். சேவை மைய ஊழியர் மாதம் ஒருமுறை தோட்டத்துக்கே வந்து உட்காரட்டும். மேசை நாற்காலி நாம் போட்டுத் தருகிறோம்.

நம்மவர்களுக்கும் வேலை இருக்கிறது. குத்தகையில் வேலை செய்பவர்கள் தங்கள் பேரில் பெர்கேசோ, சேமநிதி கட்டப்படுகிறதா என்று இந்த மாதமே பார்க்க வேண்டும். பார்க்கத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடையாளக் கார்டையும், இருந்தால் சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் கிளைத் தலைவரிடம் வாருங்கள். கணவரை இழந்த பெண்கள் இறப்புச் சான்றிதழையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். பதிவை மாற்ற அதுதான் முதலில் கேட்பார்கள்.